அண்ணன் படிப்பதற்காக வாங்கிய ரௌட்டர்

அத்தை என்னை வீட்டில் விட்டுவிட்டு அண்ணனை மட்டும் குழித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போன ஒரு சனிக்கிழமையில்தான் எனக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது. எனக்கு அப்போது பத்து வயது. அண்ணனுக்குப் பதினான்கு. அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை, எம்.சி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் நின்றாள். படித்த பெண் ‘வீட்டில் நிற்கிறாள்’ என்றால் எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு நிற்கிறாள் என்று பொருள். அவளும் நானும் ஒரே கட்டிலில்தான் படுப்போம். ‘நீ யாருக்க பிள்ளை?’ என்று சர்ச்சில் யாரோ கேட்டதற்கு ‘அத்தைக்க பிள்ளை’ என்று பதில் சொல்லி, அம்மாவின் கையால் தொடையில் கிள்ளு வாங்கியவள் நான்.

“நானும் வாறேன் அத்தே.”

“வேண்டாம் மக்கா, நல்ல வெயிலு. இது பயலுக்குப் படிக்கதுக்குள்ள காரியமாக்கும்.”

குழித்துறையில் ஒரு பிரௌசிங் சென்டரை அப்போது மூடிக்கொண்டிருந்தார்கள். நாற்காலியும் மானிட்டரும் மின்விசிறியும் வந்த விலைக்குப் போய்க்கொண்டிருந்தன. மதியம் திரும்பி வந்தபோது அண்ணனின் கையில் நேந்திரங்காய் சிப்ஸ் கடைப் பை ஒன்று இருந்தது. சிப்ஸ்தான் என்று ஓடிப்போய்ப் பிடுங்கினேன். உள்ளே நீலமும் கறுப்புமாக ஒரு பெட்டி. முன்பக்கம் வரிசையாகச் சின்ன விளக்குகள். பின்னால் இரண்டு கொம்புகள். அதில் ஒன்றுக்குப் பிளாஸ்திரி போட்டிருந்தது.

“பிடுங்காத, பைய எடு! இதுக்க பேரு ரௌட்டர்” என்றான் அண்ணன், பிறந்ததிலிருந்தே ரௌட்டரோடு பழகியவனைப்போல. கடையில் நடந்ததை அன்று முழுவதும் சொல்லித் தீர்த்தான். அங்கே அதேபோல் பல பெட்டிகள் கிடந்தனவாம். அத்தை ஒவ்வொன்றையும் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துப் படித்து ஒதுக்கினாளாம். புதிதாக இருந்ததைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தும் அது வேண்டாமென்று, கொம்பு உடைந்த இந்தப் பழசைத்தான் எடுத்தாளாம். பழசில்தான் மெமரி கூடுதல். புதிதில் நமக்கு வேண்டிய சாஃப்ட்வேர் கொள்ளாது. இதை அத்தை பஸ்ஸில் வைத்து அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஜன்னலோரத்து இருக்கையும் அவனுக்குத்தான் கிடைத்திருக்கிறது.

அப்பா கடையிலிருந்து வந்ததும் அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அத்தை ஆறு மாதங்களுக்கு முன்னால் வீட்டுக்கு நெட் கனெக்‌ஷன் எடுக்கலாமா என்று கேட்டபோது, ‘கல்யாணம் கழிஞ்சு போற வீட்டில போய் எடுத்துக்க’ என்று ஒரே வார்த்தையில் முடித்தவர் அவர்.

“மைனி வீட்டு நெட்டை இதுல பிடிச்சு இஞ்ச கொண்டு வரலாம் அண்ணா. பயலுக்குப் படிக்க உபகாரப்படும்” என்றாள் அத்தை.

அவள் மைனி என்றது எங்கள் பெரியம்மாவை. ரப்பர் மரங்கள் நின்ற விளைக்கு அப்புறம் மேட்டில் இருந்தது அவர்கள் வீடு. பெரியப்பா வளைகுடாவில். அவர் முகத்தைத் தினமும் பார்த்துப் பேசுவதற்காகவே அங்கே நெட் போட்டிருந்தார்கள். பெரியம்மா கேட்டவர்க்கெல்லாம் பாஸ்வேர்டைச் சொல்லும் தாராளம் உடையவள்.

“பயலுக்குன்னா செரி” என்றார் அப்பா.

நானும்தான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கும் உபகாரப்படும் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. அத்தை வாயிலும் வரவில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து அத்தையின் அறை அவர்கள் இரண்டு பேருக்கும் சொந்தமாகிவிட்டது. ரௌட்டர் வாங்கியபடியே இருந்தால் நெட்டைக் கொடுக்க மட்டும்தான் அதற்குத் தெரியுமாம். தூரத்தில் இருக்கிற நெட்டைப் பிடிக்கத் தெரியாதாம். அதனால் கம்பெனிக்காரன் உள்ளே வைத்த சாஃப்ட்வேரை அழித்துவிட்டு, உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுக்கும் வேறொன்றை ஏற்ற வேண்டும். அண்ணன் பெரியம்மா வீட்டிலிருந்து அதைப் பென்டிரைவில் கொண்டுவந்தான். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். அத்தை எம்.சி.ஏ. படிக்க வாங்கிய கம்ப்யூட்டருக்கு முன்னால் இரண்டு தலைகளும் ஒட்டினாற்போல் குனிந்திருந்தன. அத்தையின் தோளில் அண்ணன் சகஜமாகக் கையை ஊன்றியிருந்தான். அது நான் தலை சாய்க்கும் தோள்.

“ஏட்டி, வயரை மிதிக்காத. வெளிய போ” என்றான்.

அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையில் ஒரு நீலக்கோடு மெல்ல நீண்டுகொண்டிருந்தது. அது முடிகிறவரைக்கும் ஒன்றையும் தொடக் கூடாது, கரண்டு போகக் கூடாது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றபடியே கண்ணை மூடி, இந்தச் சவம் கெட்டுப்போகட்டும் ஆண்டவரே என்று ஜெபித்தேன். ஞாயிறு பள்ளியில் சொல்லித் தந்தபடி ஆமென் என்று முடிக்கவும் செய்தேன்.

கண்ணைத் திறந்தபோது மின்விசிறி சுற்றி ஓய்ந்துகொண்டிருந்தது.

அந்த வருடம் கரண்டு நினைத்த நேரமெல்லாம் போகும் என்பது இப்போது தெரிகிறது. அன்று என் ஜெபம்தான் பலித்துவிட்டது என்று நினைத்தேன். கம்ப்யூட்டர் யு.பி.எஸ்ஸில் ஓடியது; ரௌட்டரின் வயரைச் சுவரில் சொருகியிருந்தார்கள். கரண்டு திரும்பி வந்தபோது அதன் ஒரே ஒரு விளக்கு மட்டும் விட்டு விட்டுத் துடித்தது. மற்றவை செத்துக் கிடந்தன. அத்தை இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு அதையே பார்த்தாள். அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது. அண்ணன் படிப்பதற்கு வாங்கிய பெட்டி கெட்டதற்கு இவள் ஏன் இப்படி இருக்கிறாள் என்று எனக்கு அதிலும் ஓர் எரிச்சல்.

அதன்பிறகு பெரியம்மா வீட்டில் போய் எதையெதையோ படித்துவிட்டு வந்தாள். ரௌட்டருக்கு இன்னும் உயிர் இருக்கிறது, சுவிட்சைப் போட்டதும் சில நொடிகள் காதைத் திறந்துவைத்திருக்கும், அந்த நேரத்தில் சாஃப்ட்வேரை அனுப்பினால் பிழைத்துக்கொள்ளும் என்றாள். அவளும் அண்ணனும் முயன்று முயன்று பார்த்தார்கள். ரௌட்டரின் பின்னாலிருக்கும் சின்னக் குழிக்குள் ஒருவர் ஊக்கை விட்டு அமுக்க வேண்டும்; ஒருவர் சுவிட்சைப் போட வேண்டும்; ஒருவர் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். கை போதவில்லை.

“ஏட்டி மக்கா, இஞ்ச வா.”

அந்தக் குரலுக்காக நான் ஒரு வாரமாகக் காத்திருந்தேன். ஓடவில்லை; மெதுவாகத்தான் போனேன். ஊக்கை என் கையில் தந்தாள். நான் அதைக் குழிக்குள் விட்டு அமுக்கினேன். அத்தை ‘இப்ப’ என்றாள். அண்ணன் சுவிட்சைப் போட்டான். அவள் தட்டினாள். திரையில் எழுத்துகள் ஓட, செத்துக் கிடந்த விளக்குகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன.

“எனக்க தங்கமே!” என்று அத்தை கூவியபடி எழுந்தாள். நான் முகத்தை உயர்த்தினேன். அவள் ரௌட்டரைத் தூக்கி முத்தமிட்டாள்.

பிறகு அதை மொட்டை மாடியில் பெரியம்மா வீட்டைப் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. மழை படாமலிருக்க அண்ணன் அதைப் பிஸ்கட் டின்னில் வைத்தான். தகரத்துக்குள் வைத்தால் சிக்னல் எப்படிலே வரும் என்று அத்தை அவன் தலையில் செல்லமாகத் தட்டினாள். தப்பு செய்தவனுக்கும் செல்லம். கடைசியில் மூடியில் மயில் படம் போட்ட என் பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ்தான் ரௌட்டருக்கு வீடாயிற்று. நான் அழுததற்கு, ‘உனக்குப் புதுசு வாங்கித் தாறேன்’ என்று அம்மா சமாதானம் சொன்னாள்.

கிறிஸ்துமஸ் கழிந்து ரப்பர் இலைகள் உதிர்ந்துகொண்டிருந்த காலம் அது. மரங்கள் மொட்டையாக நின்றதால் மேட்டு வீட்டுச் சிக்னல் தடையில்லாமல் வந்தது. தளிர் விட்டால் மறைத்துவிடும், அதற்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று அத்தை அண்ணனிடம் சொல்வதைக் கேட்டேன். எதை முடிப்பது என்று கேட்டதற்கு, ‘போர்ஷனை’ என்று அண்ணன் முந்திக்கொண்டு சொன்னான்.

ஒருநாள் அத்தை சர்ச்சுக்குப் போடும் சுடிதாரின் மேல்சட்டையை மட்டும் போட்டுக்கொண்டாள். கீழே வீட்டுப் பாவாடைதான். தலையைப் படிய வாரி, அறைக் கதவைச் சாத்தினாள். வெளியே அண்ணன் கணக்குப் புத்தகத்தோடு காவல்போல் உட்கார்ந்தான். ‘எனக்கு எடுத்த பாடத்தைக் கம்ப்யூட்டர்ல சரிபார்க்கா, யாரும் போவாண்டாம்’ என்று அம்மாவிடம் சொன்னான். நான் கொல்லைப்புறமாகச் சுற்றிப்போய் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். உள்ளே அத்தை இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்கும் குரல் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. அத்தை பதில் சொன்னாள், சிரித்தாள், நன்றி சொன்னாள். அவ்வளவு நிமிர்ந்த குரலில் அவள் எங்கள் வீட்டில் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. அண்ணனுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுத்தர எங்கிருந்தோ ஒரு வாத்தியாரைப் பிடித்திருக்கிறாள் என்றே முடிவு செய்தேன். அன்று ராத்திரி அவளோடு படுக்காமல் அம்மாவோடு போய்ப் படுத்தேன். அத்தை வந்து கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை.

வேலை கிடைத்த செய்தியை அத்தை அப்பாவிடம் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்டு வந்ததும். பெங்களூரில், கம்ப்யூட்டர் கம்பெனி.

“வாற வெள்ளிக்கிழமை பெண்ணு பாக்க வாறாவ. அவியகிட்ட நான் என்ன பறைய?” என்றார் அப்பா.

“அவளுக்கு வேலை கிடைச்சுட்டுன்னு பறையுங்க அண்ணா.”

“யாரு வந்து உனக்கு வேலை தந்தா? எப்பிடி தந்தா?”

அத்தையின் கண் அண்ணன் பக்கம் போய் வந்தது. அப்பாவின் பார்வை அவளிடமிருந்து அண்ணனுக்குப் போனது. அவருக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

“படிக்கதுக்குன்னு சொல்லியில்லாலே வாங்கினிய?”

அண்ணன் தலையைக் குனியவில்லை. “ஆமா” என்றான். முதுகில் விழுந்த அடியின் சத்தம் அடுக்களை வரை கேட்டது. அப்பா இரண்டாவது அடிக்குக் கையை ஓங்கியபோது அத்தை குறுக்கே விழுந்து அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் தலையைத் தன் கழுத்தோடு சேர்த்து அமுக்கி, “எனக்காக இல்லியா, எனக்காக இல்லியா” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அப்பா கையை இறக்கிவிட்டு வெளியே போய்விட்டார். நான் கதவோரத்தில் நின்றேன். அடி வாங்கியவனைத்தான் அத்தை கட்டிப்பிடித்திருந்தாள். அடி வாங்காத என்னை யாரும் பார்க்கவில்லை. ஓர் அடி எனக்கும் விழுந்திருக்கக் கூடாதா என்று அப்போது நினைத்தேன்.

அவள் புதன்கிழமை கிளம்பினாள். அப்பா வேண்டுமென்றே கடைக்குச் சீக்கிரம் போயிருந்தார். அம்மா பொட்டலத்தில் முறுக்கு வைத்துக் கொடுத்தாள். அத்தை என்னை இழுத்து அணைத்து, “பெரிய லீவுக்கு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன் மக்கா” என்றாள். நான் விறைப்பாக நின்றேன். குழித்துறை ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் அண்ணன். அதுவும் அவனுக்குத்தான்.

மதியம் அவன் மட்டும் திரும்பி வந்தான். சாப்பிடாமல் அத்தையின் அறைக்குள் போய், கட்டிலில் படுத்துக் கிடந்த என் பக்கத்தில் உட்கார்ந்தான். கண்கள் சிவந்திருந்தன. இத்தனை நாளும் என்னை வெளியே நிறுத்தியதற்கு அவனுக்குப் பதிலுக்கு ஏதாவது திருப்பிக் கொடுக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு.

“உன்னயும்தான் விட்டுட்டுப் போயிட்டா, பாத்தியா?” என்றேன்.

“எனக்கு முன்னமே தெரியும்” என்றான். “ரௌட்டர் வாங்கப் போன அன்னைக்கே பஸ்ஸில வச்சு சொல்லிட்டா. நெட்டு கிடைச்சா போயிருவேன், யாருட்டயும் சொல்லாதன்னு.”

எனக்குக் குப்பென்று தீப்பிடித்தது. அவள் போனதற்குக்கூட அவ்வளவு அழுகை வரவில்லை. என்னிடம் சொல்லாததை இவனிடம் சொல்லியிருக்கிறாள் என்பதற்குத்தான் விழுந்து புரண்டு அழுதேன். அண்ணன் எப்போதும்போல் கேலி செய்வான் என்று பார்த்தேன். செய்யவில்லை. செத்துப்போன பெட்டிக்கு உயிர் கொடுக்க ராப்பகலாக அவள் கூட உட்கார்ந்தவன், அது உயிர்த்தால் அவள் போய்விடுவாள் என்று தெரிந்தே உட்கார்ந்தவன், என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். எல்லாம் கிடைத்தவனுக்குக் கை ஏன் அப்படி நடுங்குகிறது என்று எனக்கு விளங்கவில்லை.