பல்லைப் பார்க்கும் முன் தட்டைப் பார்த்தவர்

செய்தி காலை ஏழரை மணிக்கு வந்தது. கிளினிக்கில் துப்புரவு வேலை பார்க்கும் செல்வி போனில் அழுதார். "சார், நம்ம டாக்டரம்மா போய்ட்டாங்க சார். நெஞ்சு வலிக்குதுன்னாங்க, கார்ல ஏத்தறதுக்குள்ள..." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

மதியத்துக்குள் கள்ளக்குறிச்சிச் சுவர்களில் அஞ்சலிச் சுவரொட்டிகள் ஒட்டிவிட்டார்கள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'கைராசிப் பல் மருத்துவர்'. எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அது நியாயம்தானா என்று இரண்டு நாள் யோசிப்பவன் நான். இப்போதும் யோசித்துவிட்டே எழுதுகிறேன். அது கைராசி அல்ல.

டாக்டர் கோமதி அவர்களின் கிளினிக்கை ஒட்டிய மருந்துக்கடையில் பதினேழு ஆண்டுகள் நான் மருந்தாளுநராக இருந்தேன். அதற்கு முன் வேறு கடைகளில் முப்பது ஆண்டுகள். சேர்ந்த முதல் நாளே அவர் என்னிடம் சொன்னார்: "சார், அட்டைய வெட்டிக் குடுத்தீங்கன்னா உறைமேல மாத்திரை பேர எழுதிக் குடுங்க. பேரில்லாத மாத்திரை எதுவும் இந்தப் படி எறங்கக் கூடாது." முப்பது ஆண்டுகளாகப் பேரில்லாமலே வெட்டிக் கொடுத்த கை என்னுடையது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவருடைய மேசையில் ஓர் எவர்சில்வர் தட்டு இருக்கும். வருகிறவர்கள் வீட்டில் இருக்கும் மாத்திரைகளை எல்லாம் அதில் கொட்ட வேண்டும். அதன் பிறகே வாயைத் திறக்கச் சொல்வார். "பல்லு டாக்டரா, செக்போஸ்ட்டா?" என்று வெளியே பெஞ்சில் சிரிப்பார்கள். அது உள்ளே கேட்கும். "செக்போஸ்ட்டுதான். கொட்டுங்க" என்பார்.

ஒருமுறை கல்வராயன் மலையிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மாளுக்குக் கன்னம் வீங்கியிருந்தது. வேறு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க."

"காலையில எழுந்து இன்னா வாயில போட்டுக்கறீங்க?"

"காப்பித்தண்ணி."

"ராத்திரி படுக்கறப்போ?"

கணவருக்குப் பொறுமை போய்விட்டது. "பல்லு வலின்னு வந்தா பல்லப் பாரும்மா. எங்க குடித்தனத்த ஏன் நோண்டற?"

அந்த அம்மாள் தயங்கி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே பாதியாக உடைத்த மாத்திரைகள் நான்கு இருந்தன. "இது மாத்திரை இல்லீங்க. தெனம் போடறது. நெஞ்சுல வால்வு வச்சப்போ குடுத்தாங்க."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் போடுவதுதான் மாத்திரை. தினமும் போடுவது சோறு மாதிரி, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 'வேறு மாத்திரை உண்டா' என்று ஒரு தடவை கேட்டு, 'இல்லை' என்று எழுதிக்கொள்கிற மருத்துவர் எவருக்கும் இது தெரியப்போவதில்லை.

அது இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை. பல்வலிக்கு வழக்கமாகத் தரும் வலி மாத்திரையும், ஈறு வீக்கத்துக்குத் தரும் ஓர் ஆன்டிபயாடிக்கும் அதனோடு சேர்ந்தால் இரத்தம் நிற்காமல் போகலாம். அதற்காக வால்வு பொருத்திக்கொண்டவர் அந்த மாத்திரையைத் தானாக நிறுத்தினாலும் ஆபத்து. அந்த அம்மாளுக்கு வால்வு வைத்த மருத்துவமனைக்கு டாக்டர் போன் செய்தார், இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், சேரக்கூடாத மருந்துகளை விட்டு வேறு கொடுத்தார். "பல்ல நாளன்னிக்கி எடுக்கலாம். நடுவுல கடையில எதுவும் வாங்கிப் போடாதீங்க" என்றார்.

கணவருக்கு நம்பிக்கையில்லை. பேருந்து நிலையத்துக் கடையில் 'பல்வலி செட்' வாங்கிக்கொண்டு மலையேறிவிட்டார். காகிதத்தில் மடித்த பேரில்லாத நான்கைந்து மாத்திரைகள்தான் செட் என்பது. வாங்குபவர் கேட்பதும் இல்லை, விற்பவர் சொல்வதும் இல்லை. ஐந்தாம் நாள் அந்த அம்மாளை மூக்கிலும் ஈறிலும் இரத்தம் வழியத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பிழைக்க வைத்தார் டாக்டர்.

நான் கணவர்மேல் கோபப்பட்டேன். டாக்டர் என்னையும் அழைத்துக்கொண்டு நேராக அந்தக் கடைக்குப் போனார்.

"யாருக்குன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கடைக்காரர் சிரித்தார். "நீங்க பல்ல மட்டும் பாருங்க டாக்டர். சாரக் கேளுங்க, அவரு குடுக்காத செட்டா?"

உண்மைதான். நான் கொடுக்காத செட் இல்லை. 'தப்புதான், இப்போது நிறுத்திவிட்டேன், நீயும் நிறுத்து' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் படியில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும் வழியில் டாக்டர் ஒன்றே ஒன்று சொன்னார்: "நீங்க ஒரு வார்த்த பேசியிருக்கலாம் சார்." அவர் அதை மறுபடி சொன்னதில்லை. நான் மறந்ததும் இல்லை.

பதினேழு ஆண்டுகள் ஒவ்வொருவரிடமும் நான்கு விதமாகக் கேட்டதற்கும், போனில் காத்திருந்ததற்கும், ஏச்சு வாங்கியதற்கும் இந்த ஊர் வைத்த பெயர் கைராசி! ராசி என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் கேட்க வேண்டியதில்லை அல்லவா?

அடக்கம் முடிந்து பேருந்து நிலையத்துக்கு வந்தேன். அதே கடை, அதே கடைக்காரர். ஒருவர் வந்து, "பல்லு வலிக்கு ஒரு செட்டு குடுங்க, அம்மாவுக்கு" என்றார். கத்தரிக்கோல் அட்டையை வெட்டத் தொடங்கியது.

"தம்பி, அம்மா தெனம் போடறது எதாவது உண்டா?" என்று கேட்டேன்.

"சார், ஒனக்கு இன்னா இப்போ? வூட்டுக்குப் போய்ச் சேரு" என்றார் கடைக்காரர்.

"நானும் குடுத்தவன்தான். அதனாலதான் சொல்றேன். வெட்டாதப்பா."

வந்தவர் என்னையும் கத்தரிக்கோலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து மனைவியை அழைத்தார். "அம்மா தெனம் போடற அட்டைய எடு. மேல இன்னா எழுதிக்கிது, ஒவ்வொரு எழுத்தா படி." அந்தப் பெண் படிக்கப் படிக்க இவர் உரக்கச் சொன்னார். நான்காவது எழுத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது: இரத்தம் உறையாமலிருக்கத் தரும் அதே மாத்திரை. அதற்குள் கடைக்காரர் மடித்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்திருந்த செட்டின்மீது கையை வைத்தேன்.

டாக்டரம்மா, ஒரு வார்த்தை பேசிவிட்டேன். தாமதம்தான். போய் வாருங்கள்.