மூடுவதற்கு முன் ஒரு தட்டு

பெயிண்டர் காளிமுத்து போனில், "அண்ணாச்சி போயிட்டாகய்யா" என்றான். "எங்க, மதுரைக்கா? தகடு வாங்கவா?" என்று கேட்டேன். மறுமுனையில் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம்தான் எனக்கு விளங்கியது. தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சிரிப்புத் துணுக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். விடிந்ததும் ஊரே என்னைக் கிழித்துக் குப்பையில் போடுகிறது. என் வாழ்நாளின் மோசமான துணுக்கை அன்று காலையில் யோசிக்காமலே சொல்லிவிட்டேன்.

போனவர் டிங்கர் ஜெபமணி அண்ணாச்சி. விஸ்வநத்தம் ரோட்டில் பட்டறை வைத்திருந்தாரே, அவர்தான். நசுங்கிய கார் கதவை அவரிடம் விட்டு எடுத்தவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களையும் வாசலிலேயே நிறுத்தி, சட்டையை உதறச் சொல்லி, தொட்டியில் கைகால் கழுவ வைத்திருப்பார். "பட்டாசுக் கம்பெனியில இருந்து வாரீக. வெடிமருந்து ஒட்டியிருக்கும். நான் இங்கன வெல்டிங் வச்சுக்கிட்டு நிக்கேன்" என்பார். நான் எழுதுகிறவன், என் சட்டையில் மருந்து ஏது என்று வாதாடிப் பார்த்தேன். "உங்க துணுக்கைப் படிச்சிருக்கேன்வே. வெடிக்காதுன்னு தெரியும். இருந்தாலும் கழுவிட்டு வாங்க" என்றார்.

என் பழைய கார் ஓடிய நேரத்தைவிட, பானட்டைத் திறந்துகொண்டு நின்ற நேரம் அதிகம். பெரும்பாலும் திருத்தங்கல் ரயில்வே கேட்டில்தான் நிற்கும். பின்னால் வரும் பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிவந்து எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே தொங்குகிற வயர்களும், எதற்கென்றே தெரியாத ஓட்டைகளும், துருவும். எனக்கு மானம் போகும். சென்னையிலிருந்து வந்த மைத்துனன் ஒரு காரின் படத்தைக் காட்டினான். எஞ்சினைச் சுற்றி ஒரு வயர் தெரியவில்லை, ஓர் ஓட்டை இல்லை. நாலு பக்கமும் வழவழவென்று தகடு. அதை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். "எப்படியும் திறந்துதான் நிக்கப் போகுது. பாக்குறவுகளுக்காவது நல்லா இருக்கட்டும்" என்றேன். படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாத்தையும் மூடணும்ங்கீக" என்றார். வேலை அதிகம் என்று தயங்குகிறார் போல என நினைத்துக்கொண்டேன்.

எஞ்சினைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, ஓட்டைகளைத் தகட்டுத் துண்டுகளால் அடைத்து அரத்தால் ராவினார். வயர்களை எஞ்சின் அறையின் ஓரமாக ஒதுக்கி, மேலே வளைவுக்கு ஏற்றபடி தகடு அடித்து மூடினார். அளவெடுக்க, அச்சகத்தில் கழித்த காலண்டர் அட்டைகளை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அட்டையில் முருகன் முகம் வந்தால் கத்தரி சுற்றிக்கொண்டு போகும். "நீங்க சர்ச்சுக்குப் போற ஆளுல்லா அண்ணாச்சி?" என்றேன். "யாரு முகமா இருந்தா என்னவே? முகத்துல கத்தரி வைக்கக் கூடாது."

ஒவ்வொரு தகட்டையும் பொருத்தி, வெல்டிங் வைக்கும் முன் விரல் முட்டியால் தட்டுவார். காதைத் தகட்டோடு ஒட்டிவைத்துக் காத்திருப்பார். "என்ன அண்ணாச்சி, உள்ள யாரும் குடியிருக்காகளா?" என்றேன். "அதைத்தான் கேக்கேன்" என்றார். அவர் சிரிக்கவில்லை. நான் டீக்கடையில் போய், அண்ணாச்சி தகரத்துக்கு நாடி பார்க்கிறார் என்று சொல்லி அவர் பங்குக்கும் சேர்த்துச் சிரித்தேன்.

காளிமுத்து பெயிண்ட் அடித்து முடித்தான். எஞ்சினை இறக்கியாயிற்று. சுற்றியுள்ள தகட்டில் முகம் பார்க்கலாம் போல இருந்தது. தெரிந்தது என் முகம் என்பது மட்டும்தான் குறை. ஸ்டார்ட் செய்தேன். இடப்பக்கத் தகட்டுக்குள்ளிருந்து டொக் டொக்கென்று சத்தம். நிறுத்தினேன், சத்தமும் நின்றது. அண்ணாச்சி தட்டினார். உள்ளிருந்து ஒரு டொக்.

"நட்டு எதாச்சும் உருளும். விடுங்க அண்ணாச்சி" என்றான் காளிமுத்து.

அண்ணாச்சிக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. உளியையும் கத்தரியையும் எடுத்து, பெயிண்ட் மணம்கூடப் போகாத தகட்டைக் கீறித் திறந்தார். நான் கத்தியது அவர் காதில் ஏறவே இல்லை. கையை விட்டுத் துழாவினார். ஒரு நட்டு வந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு மறுபடியும் தோள்வரை கையை விட்டுத் துழாவினார்.

"யாரும் இல்ல" என்றார்.

பிறகு வாசலில் உட்கார்ந்து சொன்னார். பல வருஷம் முன்பு ஒரு பட்டாசுக் கம்பெனியில் விபத்து. கூரைத் தகரம் மொத்தமும் மடங்கி விழுந்துவிட்டது. மிஷின் வைத்து வெட்டினால் பொறி பறக்கும் என்று, அடியில் சிக்கியவர்களை எடுக்கக் கைக்கத்தரியோடு டிங்கர்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். "கடைசித் தகரத்துக்கு அடியில சத்தம் கேட்டுச்சு. நான் தட்டுனேன், அது தட்டுச்சு. கணக்குல உள்ள ஆளு அம்புட்டுப் பேரும் வந்தாச்சு, உள்ள இன்னும் மருந்து கெடக்கு, வாங்கன்னு என்னைய இழுத்துட்டு வந்துட்டாக. ரோட்டுக்கு வந்ததும் மறுபடி வெடிச்சிருச்சு."

"அப்புறம்?"

"அங்கன யாரும் இல்லைன்னுட்டாக. சூட்டுல தகரம் அப்படித்தான் சத்தம் போடும்னாக. போடும்தான். எனக்குத் தெரியாத தகரமா? ஆனா நம்ம ஊர்ல கணக்குல இல்லாத ஆளு வேலைக்குப் போறதே இல்லையாவே?"



மறுநாள் அந்தத் தகட்டைத் திரும்பப் பொருத்தினார். தட்டினார், கேட்டார், என்னையும் கூப்பிட்டார். காதை வைத்தேன். என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. "இல்லை அண்ணாச்சி" என்றேன். "நல்லாக் கேட்டீகளா?" என்றார். நல்லாக் கேட்டேன் என்ற பிறகுதான் வெல்டிங் வைத்தார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில், போதகர் ஜெபம் முடித்துத் தலையசைத்ததும் பெட்டியை மூடி, திருகு முடுக்கப் போனார்கள். அண்ணாச்சியின் மனைவி எஸ்தர் மதினி, "கொஞ்சம் பொறுங்க" என்றார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து எத்தனையோ சாவைப் பார்த்தவர், அதுவரை அழவில்லை. பெட்டிமேல் விரல் முட்டியால் தட்டினார். குனிந்து காதை வைத்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. நிமிர்ந்தவர் கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"நீங்களும் ஒருக்காக் கேட்டுருங்க தம்பி. ஒரு ஆளு கேட்டா அவுகளுக்குப் போதாது."

மரத்தில் காதை வைத்தேன்.

"இல்லை மதினி."

"நல்லாக் கேட்டீகளா?"

"நல்லாக் கேட்டேன்."

அதன்பிறகே திருகை முடுக்கினார்கள்.

அண்ணாச்சி எனக்கு விட்டுப்போனது வழவழப்பான ஓர் எஞ்சின் அறை. வெயில் சாய்ந்து விழும்போது மட்டும் இடப்பக்கம் ஒரு வெல்டிங் தையல் தெரியும். கூடவே, பானட்டை மூடும் முன் தட்டிப் பார்க்கிற பழக்கம். போன வாரமும் கார் திருத்தங்கல் கேட்டில் நின்றது. சூடு ஆறட்டும் என்று காத்திருந்து, மூடப்போகும் முன் இடப்பக்கத் தகட்டைத் தட்டினேன். உள்ளிருந்து ஒரு டொக். சூட்டில் தகரம் அப்படித்தான் சத்தம் போடும். எனக்கும் தெரியும். ரயில் போய், கேட் திறந்து, பின்னால் பஸ்காரன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். நான் தகட்டில் காதை வைத்து, மறுபடியும் தட்டினேன்.