பராமரிப்புக்கு ஒரு நாற்காலி

துண்டு அக்காவின் தோளில் எந்நேரமும் ஒரு துண்டு கிடக்கும். குழந்தைகள் காப்பகத்தில் இரண்டு வயது அறை அவருடைய ராஜ்யம். பதினெட்டு வருடமாக, நாளொன்றுக்குப் பதினாறு மூக்கு. திரும்பிப் பார்க்காமலே, தும்மலை வைத்து ஆளைச் சொல்லிவிடுவார். கணவர் அதே காப்பகத்தில் குழாய், கதவு, மின்விசிறி சரிசெய்பவர்.

காப்பகத்தை நடத்துபவர்கள் சின்னக் குழந்தைகளின் கல்விக்கென்று ஓர் ஆலோசனைக் குழு அமைத்தார்கள். இரண்டு பேராசிரியர்கள், ஒரு டாக்டர், பொம்மைக் கம்பெனி முதலாளி, பெற்றோர் சார்பில் முதலாளியின் மைத்துனர். மைத்துனருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. குழந்தையைத் தூரத்திலிருந்து பார்த்த அத்தனை பேருக்கும் இடம் கிடைத்தது. கிட்டத்திலிருந்து பார்ப்பவர்களுக்கும் ஒன்று இருக்கட்டுமே என்று யாரோ ஒரு புண்ணியவான் 'பராமரிப்புப் பிரதிநிதி' என்று நாற்காலி போட்டார். குழுவின் எழுத்தர் காப்பக ஊழியர் பதிவேட்டைப் புரட்டினார். 'பராமரிப்பு' என்ற தலைப்பின் கீழ் இருந்தது குழாய்க்காரர் ஒருவர்தான். கடிதம் அவருக்குப் போய்விட்டது.

மனிதர் ஸ்பேனரோடு போனார். டீ கிடைத்தது, கைதட்டல் கிடைத்தது. வீட்டுக்கு வந்து, அடுத்த கூட்டத்தில் இரண்டு வயதுக் குழந்தைகளின் மதியத் தூக்கத்தை எடுத்துவிட்டு எழுத்துப் பயிற்சி வைக்க முடிவெடுக்கப்போகிறார்கள் என்றார், ஏதோ வால்வு மாற்றுகிற மாதிரி.

அக்கா தட்டை வைத்த சத்தத்திலேயே அவருக்குப் பாதி புரிந்தது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்குத் தெரிஞ்சது குழாய். நான் என்னத்தச் சொல்ல?"

"பராமரிப்புன்னா குழாயாய்யா? புள்ளைங்கய்யா. அது எனக்குப் போட்ட நாற்காலி."

குழாய்க்காரர் இரண்டு நாள் யோசித்தார். கைதட்டல் லேசில் விட்டுக்கொடுக்கிற வஸ்து இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு இருவருமாகப் போனார்கள். உறுப்பினர் மட்டுமே பேசலாம் என்றார் தலைவர். பழுது எங்கே என்று காட்டத்தான் ஆளைக் கூட்டிவந்திருப்பதாகக் குழாய்க்காரர் சொன்னார். அவருடைய வாயிலிருந்து வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அக்கா துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "போன கூட்டத்தன்னைக்கு இவரு இங்க வந்துட்டாரு. அங்க ஃபேன் நின்னுபோச்சு, ஒரு புள்ளயும் தூங்கல. மூணு மணிக்குப் பதினாறும் ஒண்ணா அழுதுச்சு. அ-வுலேர்ந்து ஔ வரைக்கும் அதுங்களே கத்திருச்சு சார். மிச்சம் எந்த எழுத்தச் சொல்லித் தரப்போறீங்க?"

முதலில் சிரித்தவர் டாக்டர். கடைசியில் சிரித்த பேராசிரியர், தூக்கம் இருக்கட்டும் என்று கை தூக்கினார். நாற்காலியும் அன்றே அக்காவுக்கு மாறியது.

எழுத்தர் மட்டும் பதிவேட்டில் புதுத் தலைப்புப் போடச் சோம்பல்பட்டு, குழாய்க்காரரின் பெயரை அடித்துவிட்டு அதே இடத்தில் அக்காவின் பெயரை எழுதிவைத்தார். இப்போது குழு அலுவலகத்தில் வாஷ்பேசின் அடைத்துக்கொண்டால் போன் துண்டு அக்காவுக்குத்தான் வருகிறது. அவர் பிரதிநிதியாகக் கணவரை அனுப்பிவைக்கிறார். டீ உண்டு, கைதட்டல்தான் இல்லை.