சிறந்த கேள்விக்கான கோப்பை

அம்மாவின் கண்ணாடி அலமாரியில், என் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில், மைக் வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை நிற்கிறது. தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது அதை மட்டும் அம்மா தன் கையால் துடைப்பார். நான் இரண்டு முறை அதைப் பழைய சாமான் பெட்டிக்குள் போட்டுப் பார்த்தேன். இரண்டு முறையும் அது அலமாரிக்கே வந்து சேர்ந்தது.

கல்லூரியில் எங்கள் ஊடக மாணவர் சங்கம் கொடுத்த கோப்பை அது. இதழியலும் மக்கள் தொடர்பும் படித்தவர்கள் சேர்ந்து நடத்திய சங்கம். நான் துணைத் தலைவி. அந்தப் பதவிக்கு நாற்காலி அடுக்குவதும் பேனர் கட்டுவதும்தான் வேலை. ஆனால் கழுத்தில் தொங்கிய அட்டையோடு நான் நடந்த நடையைப் பார்த்தால், பிரதமரையே பேட்டி எடுத்துவிட்டு வருகிறேன் என்று நினைப்பீர்கள்.

சங்கத்தில் ஆண்டுக்கு ஒரு முறை பயிற்சிச் செய்தியாளர் கூட்டம் நடக்கும். ஒரு விருந்தினரை மேசைக்குப் பின்னால் உட்கார வைத்து, நாங்கள் நிருபர்களாகக் கேள்வி கேட்போம். ஓய்வுபெற்ற நிருபர் ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். சொல்ல வேண்டாம் என்று விருந்தினர் நினைத்திருந்ததை எந்தக் கேள்வி வெளியே கொண்டுவருகிறதோ, அதற்குத்தான் கோப்பை. எனக்கு அது இரண்டு வருடம் கைநழுவிப் போயிருந்தது. கடைசி வருடமும் விட நான் தயாராக இல்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வரவேண்டிய அதிகாரி, வரமுடியாது என்று கடைசி நேரத்தில் செய்தி அனுப்பினார். கூடத்தில் நாற்பது பேர் காத்திருந்தோம். என்னை அழைத்துப்போக வந்திருந்த அப்பா, வெளியே மரநிழலில் காரை நிறுத்திவிட்டுக் கச்சாங் கடலை கொறித்துக்கொண்டிருந்தார். எங்கள் சங்கத் தலைவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். உன் அப்பா பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டுபவர்தானே, அவரையே உட்கார வைக்கலாம் என்றான்.

அப்பா கூச்சப்பட்டார். பிறகு தண்ணீர் தொட்டுத் தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கூட்டம் மலாயில் நடந்தது. அப்பாவுடையது சந்தை மலாய், ஆனால் ஆளைச் சிரிக்க வைக்கும் மலாய். இருபத்திரண்டு வருடமாக ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கிய கதைகளைச் சொன்னார். தூக்கக் கலக்கத்தில் வேறு தொழிற்சாலை வாசலில் இறங்கி, அங்கே வரிசையிலும் நின்ற ஒருவரைப் பற்றிச் சொன்னபோது கூடமே குலுங்கியது. அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. அவரை உட்கார வைத்து, பிறகு என்ன ஆனது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை, நான் உட்பட.

ஆனால் பின்வரிசையில் பேனா அசையவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏனென்றால் எனக்கு ஒன்று தெரியும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், பொழுது சாய்ந்த பிறகு அப்பாவின் பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்து போனேன். விளக்குச் சந்திப்பில் நின்றபோது, பச்சை விழுந்துவிட்டதா என்று சாதாரணமாக என்னிடம் கேட்டார். அதற்குப் பிறகு கவனித்தேன். எதிரே வெளிச்சம் வந்தால் தடுமாறினார். முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே ஓட்டினார். வீட்டில் அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும். அந்த பஸ்தான் எங்கள் குடும்பத்தையும் ஓட்டிக்கொண்டிருந்தது. அப்பாவின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எழுந்து நின்றேன். பெயரையும் சங்கப் பதவியையும் சொன்னேன். பெற்ற அப்பாவை, முன்பின் தெரியாத மனிதரை அழைப்பதுபோல் 'என்சிக்' என்று அழைத்தேன். இரவில் பஸ் ஓட்டும் அளவுக்கு உங்களுக்குக் கண் தெரிகிறதா, தெரியவில்லை என்றால் அதை நிறுவனத்திடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை.

முந்தைய கதையின் சிரிப்பு அப்பாவின் முகத்தில் இன்னும் மிச்சம் இருந்தது. என்னைப் பார்த்தார். தெரிகிறது என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். இரவில் சரியாகத் தெரிவதில்லை, யாரிடமும் சொல்லவில்லை என்றார். சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

பின்வரிசையில் பேனா வேகமாக ஓடியது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காகத்தான் இன்றும் வெட்கப்படுகிறேன். கோப்பையை வாங்கியபோது எல்லோரும் கைதட்டினார்கள். மேசைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்து அப்பாவும் தட்டினார்.

வீடு திரும்பும்போது கோப்பை என் மடியில் இருந்தது. அவர் திட்டவில்லை. திங்கட்கிழமை ஆபீசில் சொல்லிவிடுவதாக மட்டும் சொன்னார். நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் கேட்டார்.

"உனக்கு எப்பத்துலேருந்து தெரியும்மா?"

"நாலு மாசமா."

இடது ஓரத்துக்கு மாறி, வேகத்தைக் குறைத்தார்.

"நான் செஞ்சது தப்பு, அத விடு. உங்கம்மா ராத்திரி ஷிப்ட்டுக்கு என் பஸ்லதான வர்றா. தெரிஞ்சேவா ஏத்தி விட்ட?"

அம்மாவுக்கு இரவு ஷிப்ட் வரும்போதெல்லாம், சோற்று டப்பாவைக் கையில் கொடுத்து, பஸ் கிளம்பியதும் கேட்டைச் சாத்தியவள் நான். அப்பாவின் வேலையைப் பற்றி யோசித்திருந்தேன். கோப்பையைப் பற்றி யோசித்திருந்தேன். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்த நாற்பது பேரை ஒரு நாளும் யோசிக்கவில்லை. அவர்களில் ஒருவர் என் அம்மா.

அப்பா சொன்னபடியே ஆபீசில் சொன்னார். பஸ்ஸை வாங்கிக்கொண்டு அவரை ஸ்டோர் வேலைக்கு மாற்றினார்கள். கண்ணில் புரை என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் அறுவை செய்தார்கள். இப்போது பகலில் காவலர் வேலை, கண்ணும் நன்றாகத் தெரிகிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேட்டது சரியான கேள்விதான் என்று அந்த நாளை அறிந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். சரியான கேள்விதான். முதல் நாளே, வீட்டுக்குள், மதிப்பெண் போட ஆள் இல்லாத இடத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

இந்தத் தீபாவளிக்கும் விருந்தாளிகள் வந்தார்கள். அம்மா கோப்பையை எடுத்துக் காட்டினார்.

"இவரு சொல்லியிருக்கவே மாட்டாரு. எம்மகதான் தெரிஞ்ச ஒடனே கேட்டுட்டா."

அந்த நாலு மாதத்தை அப்பா இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவர் என் பக்கம் திரும்புவதில்லை. முறுக்குத் தட்டை விருந்தாளியின் பக்கம் நகர்த்தி வைக்கிறார்.