என் தூக்கம் கெட்டு நிறைந்த குடங்கள்

எனக்குத் தூக்கம் போயிருந்த நான்கு மாதங்களும் எங்கள் சந்துக்கு நல்ல காலம். அந்த நாட்களில் ஐந்து வீட்டிலும் ஒரு குடம்கூடக் காலியாக இருந்ததில்லை.

நாங்கள் இருப்பது ஒரு தீவில், ஷாதிபூரில், ரோட்டிலிருந்து சரிந்து இறங்கும் ஒரு சந்து. சரிவின் அடியில் ஒரு பொதுக்குழாய். குழாய்க்கு எதிரே என் வீடு. நான் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். மகன் டூரிஸ்ட் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். சொந்த வேன் என்று சொல்லிக்கொள்வோம். பாதிக்கு மேல் ஃபைனான்ஸ்காரருக்குச் சொந்தம். டிசம்பர் கூட்டம் முடிந்த வாரம், சந்தின் ஏற்றத்தில் கியர்பாக்ஸ் உடைந்தது. வேன் பின்பக்கமாகவே மெதுவாக உருண்டு வந்து குழாயடியில் நின்றது. இனி நகர மாட்டேன் என்று சொல்வதுபோல் இருந்தது.

மிஸ்திரி அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "புது கியர்பாக்ஸ் சென்னையிலேருந்து வரணும். அடுத்த கப்பல்ல வந்துரும்" என்றார்.

அடுத்த கப்பலில் சரக்கு ஏற்றவில்லை. அதற்கடுத்த கப்பல் பழுது பார்க்கப் போய்விட்டது. அதற்கும் அடுத்ததில் வந்த பெட்டியைத் திறந்தால் வேறு எந்த வண்டிக்கோ உள்ளது. திருப்பி அனுப்பினோம். வட்டிக்கு மட்டும் கப்பல் தேவைப்படவில்லை. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி அது நீந்தியாவது வந்து சேர்ந்துவிட்டது.

முதல் மாதத் தவணைக்கு என் தோடு போனது. இரண்டாம் மாதத்துக்குப் போக ஒன்றும் இல்லை. மூன்று தவணை சேர்ந்தாற்போல் தவறினால் வண்டியைத் தூக்கிவிடுவார்கள் என்று மகன் சொன்னான். சொல்லிவிட்டு, "நீங்க யோசிக்காதீங்கம்மா, படுத்துத் தூங்குங்க" என்றான். பத்து நிமிஷத்தில் அவன் குறட்டை விட்டான். கவலையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தூங்கும் வித்தையை இந்தப் பிள்ளைகளுக்கு யார் கற்றுக்கொடுக்கிறார்களோ.

எங்கள் தீவில் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இங்கே ஐந்தரைக்கே இருட்டிவிடும். மெயின்லேண்டுக்காரர்கள் மாலை டீ குடித்துக்கொண்டிருக்கும்போது நாங்கள் இரவைத் தொடங்கிவிடலாம். எட்டு மணிக்கு மாவுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தேன் என்றால், அதற்குப் பிறகு கூரைத் தகரத்தின் வரிகளைத்தான் பார்க்க வேண்டும். என் தலைக்கு நேரே பதினேழு வரிகள். அந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் பதினேழுதான்.

விழிப்பது எனக்குப் புதிதில்லை. சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து சின்னப் பிள்ளையாக இங்கே கொண்டுவரப்பட்டவள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்றார்கள். பிறகு இருபத்தெட்டு வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். வெயில் ஏறினால் பால் ஓடாது என்பதால் மூன்று மணிக்கே எழுந்து போக வேண்டும். அப்போது விழித்ததற்குக் கூலி கொடுத்தார்கள். இப்போது அதே மூன்று மணிக்குச் சும்மா விழித்துக் கிடந்தேன்.

கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனதைப் பார்த்துச் சந்து முழுவதும் எனக்கு வைத்தியம் சொன்னது. பக்கத்து வீட்டு வங்காளி மருமகள் கடுகெண்ணெய் கொண்டுவந்து, உள்ளங்காலில் தேய்த்துக்கொள்ளச் சொன்னாள். தேய்த்தேன். இரவெல்லாம் எறும்பு வந்தது. மேல் வீட்டு ஆபீஸ்காரரின் மனைவி, பாலில் பாதாமும் ஜாதிக்காயும் அரைத்துக் குடிக்கச் சொன்னாள். பாதாம் வாங்குகிற நிலையில் இருந்தால் எனக்கு எதற்கம்மா தூக்கம் கெடுகிறது என்று கேட்க வாய் வரை வந்தது. எனக்கு எல்லாமே வாய் வரைதான் வரும். தலையாட்டிவிட்டு இறங்கி வந்தேன்.

ஆஸ்பத்திரிக்கும் போனேன். டாக்டர் சின்னப் பெண். "ஆன்ட்டி, ஏதும் டென்ஷன் இருக்கா?" என்று கேட்டாள். எனக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். கியர்பாக்ஸ் என்று எப்படிச் சொல்வது? இல்லை என்றேன். அப்படியென்றால் சாயங்காலம் டீ குடிக்காதீர்கள், படுக்கும்போது செல்ஃபோன் பார்க்காதீர்கள் என்றாள். என்னிடம் செல்ஃபோன் கிடையாது. டீயை விட்டேன். இதனால் மாதம் ஒரு பாக்கெட் டீத்தூள் மிச்சம். அந்த வைத்தியத்தில் தேறியது அதுதான்.

இனி குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழை நின்ற மாதங்களில் இங்கே தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவை வரும். சில சமயம் ஐந்து நாள். அதுவும் எந்த நேரம் என்று அதற்கே தெரியாது. அதனால் எங்கள் சந்தில் ஒரு வழக்கம் இருந்தது. படுக்கப் போகுமுன் குழாயைத் திறந்துவிட்டு, அடியில் ஒரு காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்து வைப்போம். தண்ணீர் விழுந்ததும் டின் தடதடவென்று அடிக்கும். எல்லாரும் குடத்தோடு ஓடிவருவோம்.

ஒரு நாள் டின் அடிக்கும் முன்பே குழாய் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயில் காற்று புஸ்ஸென்று வரும், பிறகு இரண்டு இருமல், அதற்குப் பிறகுதான் தண்ணீர். தூங்குகிறவர்களுக்கு அது கேட்காது. நான் போய் டின்னை எடுத்துவிட்டு என் குடத்தை வைத்தேன். சத்தம் இல்லாமல் போய்விட்டதே என்று மனசு கேட்காமல், நாலு வீட்டுக் கதவையும் விரலால் தட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய பிழை அந்த விரலால் தட்டியது.

மறுநாள் வங்காளி மருமகள் சிரித்துக்கொண்டே வந்தாள். சித்தி என்பதற்கு அவள் மௌசி என்பாள். "மௌசி, நீங்க தட்றது ரொம்ப அச்சா. டின் அடிச்சா என் பாப்பா பயந்து அழுவுது. இனிமே டின் வேணாம், நீங்க இருக்கீங்க இல்ல" என்றாள்.

"ஒருவேள நான் தூங்கிட்டா?"

"நீங்க எங்க மௌசி தூங்கறீங்க" என்றாள், ரொம்பப் பிரியமாக.

டின்னை ஆபீஸ்காரரின் மனைவி எடுத்துப் போய், மண் போட்டு மிளகாய்ச் செடி வைத்தாள். அன்றிலிருந்து சந்துக்கு நான்தான் டின்.

பிறகு எல்லாரும் என்ன நன்றாகத் தூங்கினார்கள் தெரியுமா? காலையில் கோலம் போடும்போது முகத்தில் எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுமினுப்பு. தூக்கம் நன்றாக வந்ததும் வேலையில் குறை சொல்லவும் தொடங்கினார்கள். ஆபீஸ்காரர் ஒரு நாள் படியில் நின்று, "அம்மா, நேத்து எங்க வீட்டைக் கடைசியாத் தட்டுனீங்க போல. நாங்க வர்றதுக்குள்ள ஃபோர்ஸ் கொறஞ்சிருச்சு. எனக்கு ஆபீஸ் இருக்குல்ல, மேல இருந்து தட்டிக்கிட்டு வந்தீங்கன்னா நல்லாருக்கும்" என்றார்.

"சரிங்க" என்றேன். அன்று முதல் மேலே ஏறித் தட்டிவிட்டு, கீழே இறங்கி என் குடத்தை வைப்பதற்குள் நாலு குடம் வரிசையில் நின்றுவிடும். அரிசி ஊற வைக்கிற தண்ணீருக்கு நான் கடைசி.

வேன் மட்டும் அதே இடத்தில் நின்றது. வரிசையில் உட்கார அதன் நிழல் தோதாக இருந்தது. கண்ணாடியில் துவைத்த துணி காய்ந்தது. "இந்த வேன் இருக்கறதால வெயில் தெரியலீங்கம்மா" என்று என்னிடமே சொன்னார்கள்.

இரண்டு தவணை தவறிவிட்டது. மூன்றாவதுக்கு ஆறு நாள் இருந்தபோது, ஒரு மாதத் தவணையைக் கடனாகக் கேட்கலாம் என்று ஆபீஸ்காரர் வீட்டுப் படி ஏறினேன். இரண்டு நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். என் முகத்தைப் பார்த்ததும், "வாங்கம்மா, தூக்கந்தானே? உக்காருங்க" என்று செல்ஃபோனை எடுத்தார். அதில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை இழு, நான்கு வரை பிடி, விடு என்று சொன்னார். நானும் இழுத்தேன், பிடித்தேன், விட்டேன். கால் மணி நேரம் நடந்தது. விடுகிற மூச்சோடு சேர்த்துக் கேட்டும்விட்டேன். "கொஞ்சம் சல்லி வேணும். வேனுக்கு ஒரு டியூ கட்ட. மாவு வித்துக் கொடுத்துருவேன்."

அவர் போனை அணைத்தார். "அடடா. எல்லாம் பேங்க்ல லாக் ஆயிருக்கேம்மா. மகளுக்குன்னு போட்டது. எடுத்தா வட்டி போயிரும்." பிறகு என் மேல் இரக்கப்பட்டு, "மனசுல எதையும் வச்சுக்காதீங்க. அதான் தூக்கம் வரல" என்றார்.

அவருடைய வட்டி போய்விடக் கூடாதுதான். அந்தக் கவலையில் அவர் தூங்காமல் போனால் சந்தில் ரெண்டு பேர் விழித்திருக்க வேண்டிவரும்.

ஐந்தாம் தேதி போனது. எட்டாம் தேதி காலை, ஃபைனான்ஸ் ஆட்கள் இரண்டு பேர் காகிதத்தோடு வந்தார்கள். மரியாதையான பையன்கள். மகன் சாவியைக் கொடுத்தான். ஸ்டார்ட் பண்ணிக் கியர் போட்டபோதுதான் வண்டி ஓடாது என்று அவர்களுக்குத் தெரிந்தது. லாரி சந்துக்குள் இறங்காது. ரோடு வரை ஏற்றம்.

"தள்ளித்தான் ஏத்தணும்" என்றான் ஒருவன்.

சந்துக்கே இரக்கம் பொங்கிவிட்டது. வங்காளி மருமகளின் புருஷன் லுங்கியை மடித்துக் கட்டினான். கீழ் வீட்டுத் தெலுங்குக்காரர் ஓடிவந்தார். ஆபீஸ்காரர்கூட ஆபீஸ் பையைப் படியில் வைத்துவிட்டு வந்து கை கொடுத்தார். ஒரு தவணைக்கு நீளாத கை அது. "ஜோர் லகாவ், ஜோர் லகாவ்" என்று எல்லாரும் சேர்ந்து என் மகனுடைய பிழைப்பை மேட்டில் ஏற்றி லாரியில் கட்டிக் கொடுத்தார்கள். முதல் ஆளாக நின்று தள்ளியவன் என் மகன்தான். சட்டை நனைந்து திரும்பி வந்தான். எல்லாருக்கும் நான் மோர் கலந்து கொடுத்தேன். நல்ல தண்ணீர் அதோடு தீர்ந்தது.

அன்று இரவு எட்டு மணிக்குப் படுத்தேன். கூரையைப் பார்த்தேன். நான்காவது வரியோ ஐந்தாவதோ, அதற்கு மேல் எனக்கு ஞாபகம் இல்லை.

விழித்தபோது சுவரில் வெயில் அடித்தது. நான்கு மாதத்தில் முதல் தடவையாக வாயில் எச்சில் ஒழுகியிருந்தது. வெளியே ஒரே பேச்சு. கதவைத் திறந்தால், குழாயடி சொதசொதவென்று நனைந்திருந்தது. இரவில் தண்ணீர் வந்து, ஆசை தீர ஓடி, சாக்கடையில் இறங்கிப் போய்விட்டது. ஐந்து நாள் கழித்து வந்த தண்ணீர்.

"மௌசி, உடம்புக்கு என்னாச்சு?" வங்காளி மருமகள் பயந்துபோய்க் கேட்டாள்.

"ஒன்னும் இல்ல. தூங்கிட்டேன்."

"தூங்கிட்டீங்களா?" ஆபீஸ்காரரின் மனைவி காலிக் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள். "சொல்லிட்டுத் தூங்கிருக்கலாம்லம்மா."

நான்கு மாதமாக எனக்குத் தூக்கம் வர வைத்தியம் சொன்னவர்கள் எல்லாரும் அங்கே நின்றார்கள். வைத்தியம் பலித்ததில் ஒருவருக்கும் சந்தோஷம் இல்லை. எனக்கும் அன்று மாவு இல்லை. ஊறப்போட அரிசி நனைகிற அளவுகூடத் தண்ணீர் இல்லை. ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன், உடம்பு பஞ்சுபோல இருந்தது. பறிபோய்விடுமே என்று வேனை நான்கு மாதம் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது போனதும் பார்க்க வேலை இல்லை. இதை அந்தச் சின்ன டாக்டரிடம் யாராவது சொன்னால் நல்லது.

கியர்பாக்ஸ் நான்காம் நாள் வந்தது. சரியான கியர்பாக்ஸ். திருப்பி எடுக்க மாட்டோம் என்று எழுதியிருந்தது. மரப்பெட்டியோடு என் வீட்டுக்குள் இருக்கிறது. மாவுச் சட்டியை அதன் மேல்தான் வைக்கிறேன், உயரம் சரியாக இருக்கிறது. மகன் பெரார்கஞ்ச் பக்கம் இன்னொருவருடைய ஜீப்புக்கு டிரைவராகப் போகிறான்.

பதினைந்து நாள் தூங்கியிருப்பேன். அதற்குள் ஆபீஸ்காரர் செல்ஃபோனில் அலாரம் வைத்துப் பார்த்தார். அது தண்ணீர் வராத நாட்களில் சரியாக அடித்தது. அப்புறம் ஒரு கடுதாசி வந்தது. வேனை ஏலம் விட்டதில் கடன் முழுவதும் அடையவில்லையாம், பாக்கியைக் கட்ட வேண்டுமாம். மகன் படித்துச் சொல்லிவிட்டு, "யோசிக்காதீங்கம்மா" என்றான். குறட்டை உடனே வந்தது.

மறுநாள் ஆபீஸ்காரரின் மனைவி மாவு வாங்க வந்தாள். பாத்திரத்தை நீட்டிக்கொண்டே, "இப்பல்லாம் நல்லாத் தூங்குறீங்களாம்மா?" என்று கேட்டாள். கேட்ட விதத்திலேயே கவலை தெரிந்தது.

"இல்லம்மா. கடுதாசி வந்துருச்சு. நீங்க பயப்படாதீங்க" என்றேன்.

"அப்பாடா" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யோ, அப்படிச் சொல்லலம்மா."

மூன்றாம் இரவு குழாய் மூச்சு விட்டது. எழுந்து போனேன். என் ஐந்து குடத்தையும், மாவுச் சட்டியையும், பெரிய டிரம்மையும் நிதானமாக நிறைத்துக்கொண்டேன். ரொம்ப நாளைக்கப்புறம் நான் முதல். பிறகு வீட்டுக்குள் போய், வாங்கி வைத்திருந்த காலி எண்ணெய் டின்னை எடுத்துவந்து குழாய்க்கு அடியில் கவிழ்த்து, குழாயை முழுசாகத் திறந்தேன்.

நான் கதவைச் சாத்துவதற்குள் பாப்பா அழுதது. மேல் வீட்டில் விளக்கு எரிந்தது. ஆபீஸ்காரர் பனியனோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கினார். யார் முதலில் என்று மூன்று மொழியில் சண்டை தொடங்கியது. நான் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். கடன் அப்படியே இருந்தது, தூக்கமும் வரவில்லை. ஆனால் அன்று சந்து முழுவதும் எனக்குத் துணையாக விழித்திருந்தது.