லூசியின் வலது முட்டி

அடைக்கலராஜ் யாரையும் நம்ப மாட்டான். கபடி அணிக்கு உடை தைக்கத் துணி கொண்டுவந்தால், நான் வெட்டி முடிக்கும்வரை கடையிலேயே உட்கார்ந்திருந்து, மிஞ்சிய துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டுதான் போவான். இருபது வருடமாகச் செஞ்சியில் தையல் கடை வைத்திருக்கிறேன். என்னைத் திருடி மாதிரி பார்த்த ஒரே ஆள் அவன்தான்.

பகலில் டிராக்டர் ஓட்டுவான். சாயங்காலம் பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுப்பான். அதற்கு ஒரு பைசா வாங்கியதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வந்து நின்றதும், கை காலை உதறிக்கொள்ளக்கூட விடாமல் பாறைக்குன்றில் ஏறச் சொல்வான். உச்சியைத் தொட்டதும் அதே ஓட்டத்தில் கீழே. இப்படிப் பத்து தடவை.

போன வருடம் ஒரே மாதத்தில் மூன்று பேருக்கு முட்டி வீங்கியது. எதிரணிக்காரர்கள் களத்தில் கல்லைப் புதைத்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டு, மண் முழுவதையும் சல்லடையில் சலித்தான். கிடைத்தது ஒரு சோடா மூடி. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு வாரம் ஊரில் எல்லார் முகத்தையும் உற்றுப் பார்த்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அடுத்து சந்தேகம் பிள்ளைகள் மேலேயே திரும்பியது. முட்டி வலிக்கிறது என்று யார் சொன்னாலும், "நெஜமா வலின்னா மேல ஏற முடியாது. ஏறிக் காட்டு" என்பான். ஏறிவிடுவார்கள். இறங்கும்போதுதான் உயிர் போகும். அதற்குள் அவன் "நடிப்பு" என்று சொல்லிவிட்டுக் களத்துக்குப் போயிருப்பான். முட்டி வீங்கிய மூவரில் ஒருத்தியான மிஸ்பா அழுதுகொண்டே விளையாட்டை விட்டாள்.

மாவட்டத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவன் மகள் லூசி அளவு கொடுக்க வந்தாள். அணியிலேயே நன்றாக ஆடுகிறவள் அவள்தான். இடது முட்டி சுற்றளவு பதினான்கு அங்குலம். வலது பதினைந்தரை. டேப்பை மறுபடி சுற்றினேன். அதே பதினைந்தரை. தொட்ட இடம் சுட்டது.

"நைனாகிட்ட சொல்லிடாதீங்க ஆன்ட்டி. செலக்‌ஷன் முடியட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு. பேன்ட்டின் வலது காலை ஒன்றரை அங்குலம் கூட்டித் தைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அடைக்கலராஜ் அந்தப் பேன்ட்டோடு வந்தான். பின்னால் லூசி. மேஜையில் ஒரு காலின்மேல் இன்னொன்றை வைத்துக் காட்டினான்.

"இன்னா ஜாஹிதாக்கா இது? இந்தக் கால் சிறுசா இருக்குது. நான் டீ குடிக்கப் போன நேரத்துல துணிய மிச்சம் புடிச்சிட்ட, இல்ல?"

அத்தனை வருடக் கோபமும் ஒன்றாகப் பொங்கியது. டேப்பை அவன் கையில் போட்டேன்.

"என்ன நம்ப வேணாம் அடைக்கலம். ஒம் பொண்ணு முட்டிய நீயே அளந்து பாரு."

அளந்தான். திரும்ப அளந்தான். டேப்பிலும் சந்தேகம் வந்து, என் ஸ்கேலோடு வைத்துச் சரிபார்த்தான். பிறகு கட்டைவிரலால் முட்டியை அழுத்தினான். லூசி இமைக்கவில்லை.

"வலிக்குதா?"

"இல்ல நைனா."

வலிக்கிறது என்றவர்களை நம்பாதவன், வலிக்கவில்லை என்றதையும் நம்பவில்லை. நல்லவேளை.

"எப்பலேர்ந்து?"

"பொங்கல்லேர்ந்து."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

அவன் என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். எனக்கே பாவமாகிவிட்டது.

குன்றிலிருந்து இறங்கி ஓடியதுதான் முட்டியைக் கெடுத்தது என்றார் விழுப்புரத்து டாக்டர். வீங்கிய அன்றே நிறுத்தியிருந்தால் இரண்டு வாரத்தில் ஆறியிருக்குமாம். இப்போது மூன்று மாதம் ஓடக் கூடாது. தேர்வு போயிற்று.

இப்போதெல்லாம் முதலில் கால்மணி நேரம் கை கால்களை நீட்டி மடக்கிய பிறகுதான் ஓட்டம். குன்றுப் பக்கம் யாரும் போவதில்லை. என் டேப் அவனிடம்தான் இருக்கிறது. "வலி இல்ல" என்று எந்தப் பெண் சொன்னாலும் முட்டியை அளந்து பார்க்காமல் களத்தில் இறக்குவதில்லை.

போன வாரம் மிஸ்பாவைத் திரும்பக் கூப்பிட அவள் வீட்டுக்குப் போனான். "இன்னும் வலிக்குது சார்" என்றாளாம். டேப்பை வெளியே எடுக்காமல் திரும்பி வந்தான்.