சிங்கப்பூருக்கு எவ்வளவு நேரம்?

முதன்முதலாக நான் ஆகாய விமானத்தைப் பார்த்தது திருவனந்தபுரத்துக் கடற்கரை மைதானத்தில். தபால் விமானம் வந்திறங்குகிறது என்று கேள்விப்பட்டு, மார்த்தாண்டத்திலிருந்து அப்பா எங்களை பஸ்ஸில் கூட்டிப் போயிருந்தார். எனக்கு அப்போது பதினைந்து வயதிருக்கும். கூட்டமெல்லாம் வானத்தைப் பார்த்துக் கைதட்ட, அம்மா மட்டும் முந்தானையை இறுகப் பிடித்தபடி, காக்கி உடையில் நின்ற ஒருவரை நோக்கிப் போனாள்.

"இது சிங்கப்பூருக்குப் போவுமா?"

அவர் சிரிக்கவில்லை. "இது பம்பாய்க்குப் போறது அம்மே. சிங்கப்பூருக்கு இங்கேயிருந்து கிடையாது. இருந்தா, ரெண்டு பகல் போதும்" என்றார்.

அக்கா சிங்கப்பூரில் இருந்தாள். அத்தானுக்கு அங்கே பள்ளிக்கூட உத்தியோகம். அவ்வளவு தூரம் வேண்டாமென்று அப்பா தயங்கியபோது, நல்ல இடம் என்று கட்டிக்கொடுத்தது அம்மாதான். நாகப்பட்டினம் போய்ச் சேரவே இரண்டு நாள். பிறகு கப்பலில் ஒரு வாரத்துக்கு மேல். போனவள் ஆறு வருடமாக வரவில்லை. அங்கே பிறந்த பையனை நாங்கள் பார்த்ததில்லை. யாராவது கேட்டால், "நடுவுல கடலுல்லா கெடக்கு" என்பாள் அம்மா. அந்தச் சமாதானம்தான் அம்மாவைத் தாங்கிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது பஸ் குழித்துறை ஆற்றுப் பாலத்தை எட்டியதும், அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியளா, ரெண்டு பகலுதானாம்."

"விமானம் இருந்தால்லா?" என்றார் அப்பா.

"எனக்கு அது தெரியாதா? எட்டாத தூரம்னு நெனச்சப்ப பொறுத்துக் கெடந்தேன். இப்பம் பொறுக்கல்ல. அவள வரச் சொல்லி எழுதுங்க."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். புருஷன் வீட்டில் இருக்கிற பெண்ணை இழுக்கக்கூடாது என்று, அதுவரை ஒரு கடிதத்திலும் 'வா' என்று எழுத விடாதவள் அவள்.

மறுவருடம் மழைக்கு முன்னால், கப்பலில்தான், அக்கா வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பையனை என் கையில் கொடுத்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"வாண்ணு ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு இத்தற வருசமாச்சா எம்மா? நீ கூப்பிடுவேன்னுல்லா நான் காத்துக் கெடந்தேன்."

அம்மா மகளின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

மூன்று மாதம் இருந்தாள். புறப்படும் நாளில் அம்மா, நாலு பேர் நடுவில், "மக்கா, திரும்பி வா" என்று உரக்கவே சொன்னாள். ஆனால் யுத்தம் வந்தது, கப்பல்கள் நின்றன, கடிதமும் நின்றது. அக்கா மறுபடி வந்தபோது அம்மா கல்லறையில் இருந்தாள்.

இப்போதெல்லாம் என் பேரன் காலையில் விமானம் ஏறினால், மத்தியானச் சாப்பாட்டுக்குச் சிங்கப்பூரில் இருக்கிறான். இதை ஒருநாள் அக்காவிடம் போனில் சொல்லி, "அம்மா இருந்திருந்தா தினமும் ஒன்னக் கூப்பிட்டிருப்பா" என்றேன்.

"ஒருதரம் கடுதாசில கூப்பிட்டாளே, ஏட்டி" என்றாள் அக்கா. "அந்த ஒருதரம் வந்தேனே."